வயர்லெஸ்ஸை அணைத்தது யார்?

"நான் எழுதின புகாரை நானே போய்த் திரும்ப வாங்குற நாள் ஒண்ணு வந்தா, அன்னிக்குத் தேக்கா மார்க்கெட்டுல மீன் வாடையே அடிக்காது. எழுதி வெச்சுக்குங்க!"

இப்படி முழங்கியவர் மருதப்பன். இடம், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடி. கப்பல் பட்டறைப் பண்டகசாலையில் முப்பத்தெட்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு அவர் ஓய்வு பெற்றதற்கான விருந்து. கையில் மைக் இருந்தது. நாற்பது பேர் கைதட்டினார்கள். அந்த நாற்பதில் பத்துப் பேராவது அவருடைய புகாருக்கு ஒரு காலத்தில் ஆளானவர்கள். அவர்கள்தான் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார்கள். நாளை முதல் இவர் வேலைக்கு வரமாட்டார் என்ற நிம்மதியே அவர்கள் கைகளுக்கு அவ்வளவு வலுவைக் கொடுத்திருக்க வேண்டும்.

மற்றபடி மருதப்பன் சாதாரண மனிதர். ஃபேரர் பார்க்கில் ஒன்பதாவது மாடியில் வீடு. மனைவி மங்களம் தேக்காவில் ஒரு புடவைக் கடையில் பாதி நாள் வேலை பார்க்கிறார். ஒரே மகள் யாமினி கல்யாணமாகிப் பொங்கோலில் இருக்கிறாள். காலையில் நடை, பத்து மணிக்குத் தே ஓ என்கிற பாலில்லாத தேநீர், மத்தியானம் தூக்கம். அவரிடம் அசாதாரணமாக இருந்தது கோபம் ஒன்றுதான். அதுவும் நம்மைப் போல வாய்க்கு வந்தபடி கத்திவிட்டுப் போகிற கோபம் அல்ல. தேதி, நேரம், சம்பவம் நடந்த இடம், சாட்சி என்று எல்லாம் குறிக்கப்பட்டு, பத்தி பிரித்து, எண் போட்டு வருகிற கோபம். 

அந்தக் கோபத்தால் ஊருக்கு நன்மை விளையாமலும் இல்லை. நாலாவது மாடியைத் தாண்டும்போதெல்லாம் பிரசவ வேதனையில் முனகிக்கொண்டிருந்த மின்தூக்கி வாயை மூடியது அவரால்தான். நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே கிளம்பிப் போய்க்கொண்டிருந்த பேருந்து, இப்போது நின்று மூச்சு விட்டுவிட்டுப் போவதும் அவரால்தான். ஒரு மருந்தகத்தின் அறிவிப்புப் பலகையில் தமிழ் எழுத்துகள் கையொடிந்து காலொடிந்து கிடந்தன. அதைப் பார்த்த எத்தனையோ தமிழர்கள் உச்சுக் கொட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்கள். மருதப்பன் ஒருவர்தான் எழுதினார். ஒன்பதாவது நாள் புதுப் பலகை வந்தது. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறு எதையும் சொல்வது நியாயமாகாது.

இத்தனை புகார்களும் பிறந்தது ஒரு லேப்டாப்பில். யாமினி பாலிடெக்னிக்கில் படித்தபோது வாங்கியது, பதின்மூன்று வருடப் பழசு, இட்லிப் பானைக் கனம். கைப்பேசியில் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. கட்டைவிரலால் தட்டுகிற கோபத்துக்கு மரியாதை கிடையாது என்பது அவர் கட்சி. தவிர, அவருடைய மின்னஞ்சலின் கடவுச்சொல் அந்த லேப்டாப்புக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட லேப்டாப்பில் ஒரு நாள் காலை இணையம் வரவில்லை. விஜயதசமி அன்று.

முந்திய நாள் ஆயுத பூஜை. பட்டறை நாட்களிலிருந்தே அந்தப் பூஜை மருதப்பனின் இலாகா. ஈரத்துணியும் சந்தனக் கிண்ணமுமாகக் காலையிலேயே இறங்கிவிடுவார். இஸ்திரிப் பெட்டி, சோறு வடிக்கும் குக்கர், திருப்புளிகள், காற்றாடியின் ரிமோட், வைஃபை கொடுக்கும் பெட்டி என்று எதற்கும் பாரபட்சம் கிடையாது. எல்லாவற்றையும் ஓரம் ஓரமாக அழுத்தித் துடைத்து, பட்டறைக் கணக்கில் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார். லேப்டாப்பின் மூடியில் யாமினி அந்தக் காலத்தில் ஒட்டிய பூனைப் படம் இருந்ததால், பூனைக்குப் பொட்டு வைக்க மனம் வராமல், முன்பக்க விளிம்பில் வைத்தார். அன்று முழுதும் ஆயுதங்களுக்கு ஓய்வு. மறுநாள் காலை குளித்து, திருநீறு பூசி, புதுக் கணக்குத் தொடங்குகிற பக்தியோடு லேப்டாப்பைத் திறந்தால், மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அதற்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை: வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறது.

மருதப்பன் அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை மங்களத்துக்குக் கேட்கும்படி படித்தார்.

"பாத்தியா? 'அணைக்கப்பட்டிருக்கிறது'ங்குறான். தானா அணைஞ்சுதுன்னு சொல்லலை. யாரோ அணைச்சிருக்கான். கம்ப்யூட்டரே சாட்சி சொல்லுது!"

"யாரு அணைப்பாங்க? உங்களை என்ன, அவ்வளவு பெரிய ஆளுன்னு நெனச்சு அணைக்கப் போறாங்களா?" என்றார் மங்களம், முடியை முடிந்துகொண்டே. "என் போன்ல வருது. டிவியில வருது."

"அதான் சூழ்ச்சி. எல்லாத்தையும் நிறுத்தினா சந்தேகம் வரும்னு நான் எழுதுறதை மட்டும் நிறுத்தியிருக்கான்."

நிறுத்தியவன் என்று அவர் சொன்னது வீட்டுக்கு இணையம் கொடுக்கும் கம்பெனியை. அவர்கள் மீது போன வருடம் இரண்டு புகார் எழுதியிருந்தார். ஆகவே நோக்கமும் நிரூபணமாகிவிட்டது.

கம்பெனிக்குப் போன் செய்தார். ஆங்கிலத்துக்கு ஒன்று, சீனத்துக்கு இரண்டு என்று ஒரு பெண் குரல் வரிசையாகச் சொல்லி, அவரை இருபத்தாறு நிமிடம் பியானோ இசை கேட்க வைத்தது. பிறகு வந்த இன்னொரு குரல், பெட்டியை அணைத்துப் போடச் சொன்னது. போட்டார். லேப்டாப்பை அணைத்துப் போடச் சொன்னது. போட்டார். அதன் பிறகு அந்தக் குரல், "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டது. 'வேறு' என்ற சொல் அவரைக் கொதிக்க வைத்தது. முதல் உதவியே இன்னும் வந்து சேரவில்லையே!

யாமினி போனில் வந்தாள். "அப்பா, சில சமயம் மைக்ரோவேவ் பக்கத்துல இருந்தா டிஸ்டர்ப் ஆகும் பா. ரவுட்டரைத் தள்ளி வைங்க. இல்லன்னா நான் வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன்."

"நீ வர வேணாம்மா. இது டெக்னிக்கல் பிரச்சினை இல்லை. கொள்கைப் பிரச்சினை."

ஆனால் மைக்ரோவேவ் விஷயத்தை அவர் விட்டுவிடவில்லை. தம் வீட்டில் அது இல்லை என்பதால், பக்கத்து வீட்டு நூர்தீனின் கதவைத் தட்டினார். இருபது வருடப் பழக்கம்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதே. கொஞ்ச நாளைக்கு கேஸ் அடுப்புலயே சூடு பண்ணிக்கோ. உன் மைக்ரோவேவ் என் வைஃபையைத் திங்குது."

நூர்தீன் நிதானமாகத் தலையைச் சொறிந்தார். "அண்ணே, அது கெட்டுப் போய் மூணு மாசமாச்சு. இப்ப அதுக்குள்ள பிஸ்கட் டின்னுதான் இருக்கு. பிஸ்கட் திங்குறீங்களா?"

மருதப்பன் இரண்டு பிஸ்கட்டோடு திரும்பி வந்தார். குற்றவாளி கம்பெனிதான் என்பது இதனால் இன்னும் உறுதிப்பட்டது.

ஐந்தாவது நாள் கம்பெனியிலிருந்து ஒருவன் வந்தான். இளமாறன். அறந்தாங்கிப் பக்கத்துப் பையன், இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும், சிங்கப்பூர் வந்து ஒன்றரை வருடம். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "வணக்கம் சார்" என்று உள்ளே வந்தான். பெட்டியைப் பார்த்தான். தன் கைப்பேசியில் ஏதோ அளந்தான்.

"லைன் சூப்பரா இருக்கு சார். ஐநூறு எம்பி ஸ்பீடு வருது."

"எங்க வருது? எனக்கு வரலையே."

"உங்க வீட்டுக்கு வருது சார். கம்ப்யூட்டருக்குத்தான் போகலை."

"அப்ப வீடு வேற, கம்ப்யூட்டர் வேறயா? நான் என்ன தம்பி, வீட்டுச் சுவருக்கா இண்டர்நெட் வாங்கினேன்?"

சமையலறையிலிருந்து மங்களத்தின் சிரிப்பு கேட்டது. இளமாறனும் சிரித்துவிட்டான். அவன் சிரித்த நேரத்தைக் கூட மருதப்பன் மனத்தில் குறித்துக்கொண்டார்: காலை 10.42.

"கஸ்டமரோட கம்ப்யூட்டரை நாங்க தொடக் கூடாது சார், ரூல். ஆனா நீங்க சொன்னா பாக்கறேன்" என்று அவன் குனிந்தான். பக்கவாட்டில் பார்த்தான். பின்னால் பார்த்தான். முன்பக்க விளிம்புக்கு வந்ததும் அவன் பார்வை நின்றது. காய்ந்து கல்லாகியிருந்த சந்தனத்தை நோக்கி விரலை நீட்டினான்.

"சார், இந்தப் பொட்டைக் கொஞ்சம் துடைச்சுப் பாக்கலாமா? இதுக்கு அடியில..."

"என்ன சொன்னே?"

"இல்ல சார், இந்தப் பொட்டுக்கு..."

"சாமி பொட்டைத் துடைக்கணுமா?"

அதற்குப் பிறகு ஏழு நிமிடம் இளமாறனுக்குப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த குடும்பம், கடல் தாண்டியும் ஒரு வருடம்கூட ஆயுத பூஜையை விடாத குடும்பம், ஊரிலிருந்து நேற்று விமானத்தில் வந்திறங்கிய ஒருவன், அதுவும் ஒரு தமிழன், பொட்டைத் துடைக்கச் சொல்வதைக் கேட்கிற காலம் வந்துவிட்டதா என்பதே அந்த ஏழு நிமிடத்தின் சாரம். இளமாறன் இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும், "நிறுத்து தம்பி" என்றார் மருதப்பன். கடைசியில் அவன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, "ஸாரி சார், நான் தப்பா ஒண்ணும் சொல்ல வரலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

"அந்தப் பையன் என்னமோ சொல்ல வந்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் மங்களம்.

"எல்லாம் கேட்டாச்சு. எழுத வேண்டியதுதான் பாக்கி."

எழுதினார். லேப்டாப்பில் எழுதி என்ன பயன், அனுப்ப முடியாதே! ஆகவே கையால், நாலு பக்கம், பதினொரு அம்சம். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு எதிரே உள்ள பேரங்காடியில் கம்பெனியின் சேவை முகப்புக்குப் போனார். அங்கே எப்போதும் அவரைப் பார்ப்பது நஸீஹா. தமிழ் பேசுகிற பெண், முகத்தில் மாறாத புன்னகை. அவரை வாசலில் பார்த்ததுமே அவள் தண்ணீர் குடித்துக்கொள்வது வழக்கம்.

"அங்கிள், பதினொரு பாயிண்ட் இருக்கு. ஆனா சிஸ்டத்துல ஒரு கேட்டகரிதான் சூஸ் பண்ண முடியும் லா."

"என்னென்ன இருக்கு?"

"லேட்டா வந்தது, மரியாதை இல்லாம பேசினது, வேலை சரியில்லாதது, பொருளை உடைச்சது, மத உணர்வைப் புண்படுத்தினது, மற்றவை."

"எது பெருசு?"

நஸீஹாவின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது. "அஞ்சாவது. அதைக் கிளிக் பண்ணா நேரா மேலிடத்துக்குப் போயிடும் அங்கிள். எங்க கையில இருக்காது. 'மற்றவை' போட்டுடலாமே?"

மருதப்பனை யாரும் இதுவரை 'மற்றவை'யில் சேர்த்ததில்லை.

"அஞ்சாவதையே கிளிக் பண்ணும்மா."

அவள் அழுத்தினாள். ஒரு நாட்டின் சரித்திரத்தில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாவதைப் பார்க்கிற கம்பீரத்தோடு மருதப்பன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த பத்து நாளும் அவர் தே ஓ குடித்த கடையில் வேறு பேச்சு இல்லை. சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் எரிய ஆரம்பித்தன. கேம்பல் லேன் கடைகளில் ஆள் மேல் ஆள் ஏறி நடந்தார்கள். மருதப்பனின் லேப்டாப் மட்டும் சந்தனப் பொட்டோடு, வாய் கட்டப்பட்ட போராளியைப் போல மேசைமேல் கிடந்தது. யாமினி ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள், பார்க்கிறேன் என்றாள். "தொடாதே, அது இப்ப ஒரு வழக்குல சான்றுப் பொருள்" என்று தடுத்துவிட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தார்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, வெள்ளிக்கிழமை பகல். வீட்டைத் துடைக்கிற வேலை. மங்களம் முறுக்கு மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டே உத்தரவு போட்டார்.

"அந்த மேசையைத் துடைங்க. அந்த சான்றுப் பொருளையும் சேர்த்துத் துடைங்க. பொட்டெல்லாம் உதிர்ந்து தூளா கெடக்கு. பண்டிகைக்கு அம்மா, அண்ணனுங்க எல்லாம் வர்ற வீடு."

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டைத் தீபாவளிக்குத் துடைப்பது குடும்ப வழக்கம்தான். ஆகவே கொள்கைக்குப் பங்கமில்லை. ஈரத்துணியை எடுத்து, முன்பக்க விளிம்பில் காய்ந்திருந்த சந்தனத்தை அழுத்தித் தேய்த்தார். வில்லை வில்லையாகப் பெயர்ந்தது. அதன் அடியில், நகக்கண் அளவு ஒரு சின்னக் குமிழ் தெரிந்தது. இடமும் வலமுமாக நகர்கிற குமிழ். துணி அதை இழுத்துக்கொண்டு போனது. 'டிக்' என்று ஒரு சத்தம். குமிழுக்குப் பக்கத்தில் நீல விளக்கு ஒன்று கண்ணைத் திறந்தது. 

திரையின் மூலையில் சிவப்புக் குறி மறைந்தது. இரண்டு வாரத்துக்கு மேலாகக் காத்துக் கிடந்த மின்னஞ்சல்கள், கதவு திறந்த பேருந்தில் கூட்டம் ஏறுவதைப் போல மொத்தமாக உள்ளே வந்தன.

"நெட்டு வந்துடுச்சா? மணி அடிக்குதே!" என்றார் மங்களம் உள்ளேயிருந்து.

"வந்துடுச்சு."

"எப்படி வந்துச்சு?"

"கம்பெனிக்காரன் பயந்துட்டான்" என்றார் மருதப்பன். சொன்ன குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

அவர் நியாயவாதி. ஒரே ஒரு சம்பவத்தை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க மாட்டார், கம்பெனிகளையும் இளைஞர்களையும் தவிர. எனவே நீதியின் பொருட்டுக் குமிழை இடப்பக்கம் தள்ளினார். விளக்கு அணைந்தது. வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறது என்றது கம்ப்யூட்டர். வலப்பக்கம் தள்ளினார். வந்தது. ஐந்து தடவை தள்ளிப் பார்த்தார். ஐந்து தடவையும் கம்ப்யூட்டர் கொஞ்சமும் முகதாட்சண்யம் பார்க்காமல் ஒரே சாட்சியத்தைச் சொன்னது. ஆயுத பூஜையன்று ஓரம் ஓரமாக அழுத்தித் துடைத்த கை யாருடையது என்று கேட்க அங்கே வேறு யாரும் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல்.

மின்னஞ்சல்களில் கம்பெனியுடையது மேலாகவே இருந்தது. திறந்தார்.

அவருடைய மேலான கருத்துக்கு நன்றி என்று தொடங்கியது. புகாரை மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். சம்பந்தப்பட்ட தொழில்நுட்பர் அன்றிலிருந்தே வீடுகளுக்கு அனுப்பப்படுவதில்லை. அடுத்த மாதம் முடிகிற அவருடைய வேலை அனுமதி பாஸைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பதில்லை என்று உத்தேசித்திருக்கிறார்கள். 'பொட்டின் அடியில் இருந்த வயர்லெஸ் சுவிட்ச்சைப் பார்க்கவே துடைக்கலாமா என்று கேட்டேன்' என்று அவர் தந்த விளக்கம் நம்பத்தகுந்ததாக இல்லாததால் ஏற்கப்படவில்லை. வாடிக்கையாளர் மேற்கொண்டு ஏதும் சொல்வதற்கில்லை என்றால், இருபத்து நான்காம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிவு உறுதி செய்யப்படும்.

சுவரில் பார்த்தார். இருபத்து நான்கு. வெள்ளிக்கிழமை. மணி இரண்டே முக்கால்.

மருதப்பனுக்குக் கோபம் வந்தது. பழக்கமான, தெம்பான, முதுகை நிமிர்த்துகிற கோபம். "ஏற்கலையாமே! எப்படி ஏற்காம இருப்பானுங்க? பையன் சொன்னது அத்தனையும் நிஜம்! ஒருத்தன் வந்து சுவிட்ச்சைத் தொட்டுப் பார்த்திருக்க வேணாமா? விசாரிக்காம ஒரு மனுசனை ஊருக்கு அனுப்புறதா? என்ன அநியாயம் இது!"

"யாரை ஊருக்கு அனுப்புறாங்க?" என்று கேட்டுக்கொண்டே மங்களம் கையில் முறுக்கு அச்சோடு வந்து நின்றார்.

பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. புதுப் புகார் ஒன்றைத் தட்டத் தொடங்கியிருந்தார். பொருள்: அப்பாவி ஊழியர் மீது எடுக்கப்படும் அநீதியான நடவடிக்கை. அம்சம் ஒன்று, அம்சம் இரண்டு என்று விரல்கள் பறந்தன. மூன்றாவது அம்சத்துக்கு வந்தார்: மேற்படி ஊழியர் மீது பொய்யான குற்றச்சாட்டைச் சுமத்திய நபரின் பெயர்.

விரல்கள் நின்றன.

மங்களம் அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்தார். மின்னஞ்சலையும் படித்தார். மேசையில் பெயர்ந்து கிடந்த சந்தன வில்லைகளையும், நீல விளக்கையும் பார்த்தார். கையிலிருந்த முறுக்கு அச்சை மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பையன் பூட்ஸைக்கூட ஜோடியா வெச்சிட்டுல்ல உள்ள வந்தான்" என்றார்.

"நானும் பாத்தேன்."

"பாத்தீங்கல்ல. போய்ட்டு வாங்க."

"போனா என்னன்னு சொல்றது? வயசான காலத்துல..."

"புகார் கொடுக்கப் போனப்ப வயசு தெரியலையா? சட்டையை மாத்திட்டுப் போங்க, மாவு ஒட்டியிருக்கு."

லேப்டாப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கிளம்பினார். மின்தூக்கியில் இறங்கும்போதே ஒரு வழி தோன்றிவிட்டது. முப்பத்தெட்டு வருட அனுபவம் வீண்போகுமா? பெருந்தன்மை! 'மனிதாபிமான அடிப்படையில் மன்னிக்கிறேன்' என்று ஒரு வரி. தீபாவளிக் காலம் வேறு. பையனும் பிழைப்பான், மருதப்பனும் தலை நிமிர்ந்து வெளியே வருவார். கடையில் சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். சாலையைக் கடக்கும்போது அந்த வரியை ஆங்கிலத்திலும் தயார் செய்துவிட்டார்.

எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தார். பண்டிகைக் கூட்டம். மூன்று ஐம்பதுக்கு அவர் எண் வந்தது. நஸீஹா தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

"ஹாய் அங்கிள். புதுசா?"

"பழசும்மா. அதைத் திரும்ப வாங்கணும்."

அவள் பாட்டிலை மூடாமல் அப்படியே வைத்தாள். "எதை?"

"புகாரை. அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கும்ல?"

"இருக்கும்னு நெனக்கிறேன். உங்களுக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை, அதான்..." அவள் திரையில் எங்கெங்கோ தேடினாள். பக்கத்து முகப்புப் பெண்ணிடம் மலாயில் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் எழுந்து வந்து மருதப்பனை ஒருமுறை பார்த்துவிட்டு, திரையில் ஒரு இடத்தைச் சுட்டிக் காட்டிவிட்டுப் போனாள். "ஆ, கெடச்சிடுச்சு. காரணம் கேக்குது அங்கிள். மூணு இருக்கு. ஒண்ணு, ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கிட்டோம். ரெண்டு, கஸ்டமர் நல்லெண்ணத்துல விட்டுக்கொடுக்கறார். மூணு, புகார் தவறுதலாகக் கொடுக்கப்பட்டது."

"ரெண்டு" என்றார் மருதப்பன் உடனே. "நல்லெண்ணம். மன்னிச்சுட்டேன்னு போடும்மா. பையன் சின்ன வயசு."

நஸீஹாவின் கை சுட்டெலியின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"அங்கிள், ஒண்ணு சொல்லட்டுமா? ரெண்டைப் போட்டா கேஸ் க்ளோஸ் ஆயிடும். ஆனா அவர் தப்புப் பண்ணினது ரெக்கார்டுல அப்படியே இருக்கும். மன்னிச்சீங்கன்னா, மன்னிக்க ஏதோ இருந்துச்சுன்னுதானே அர்த்தம்? அதை வெச்சு பாஸ் ரினியூ பண்ண மாட்டாங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் இங்க ரெண்டு தடவை வந்தார். உங்க வீட்டுக்கு வந்து பேசலாமான்னு கேட்டார். கஸ்டமரைப் பாக்கக் கூடாது, ரூல்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

மருதப்பன் தமக்குப் பின்னால் பார்த்தார். நாற்காலிகள் நிறைந்திருந்தன. யாரும் அவரைக் கவனிக்கவில்லை. ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு பிரச்சினை.

"மூணாவதை யாராவது எடுத்திருக்காங்களாம்மா?"

"அஞ்சு வருஷமா இருக்கேன். நான் பாத்ததில்லை."

சுவரில் மணி நாலு ஐந்து. முகப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஸீஹா காத்திருந்தாள். முகத்தில் இப்போது அந்தப் புன்னகை இல்லை.

அவர் ஏதோ சொன்னார்.

"கேக்கலை அங்கிள். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"மூணாவது."

அவள் அழுத்தினாள். திரையில் ஒரு வெற்றுக் கட்டம் திறந்தது. "என்ன தவறுன்னு ஒரு வரி கேக்குது. நீங்க சொல்றீங்களா, நான் டைப் பண்ணட்டுமா? இல்ல நீங்களே எழுதிக் குடுத்தா ஸ்கேன் பண்ணிடுவேன்."

"எழுதியே தர்றேன்."

காகிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். மருதப்பன் பேனாவை எடுத்தார். தேதி போடவில்லை, அம்சங்களுக்கு எண் போடவில்லை. பூஜைக்குத் துடைக்கும்போது சுவிட்ச்சை நானே அணைத்துவிட்டேன் என்று ஒரு வரி. அந்தத் தம்பி அதைத்தான் சொல்ல வந்தார், நான் சொல்ல விடவில்லை என்று இன்னொரு வரி. கீழே முழுப் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. அவ்வளவுதான்.

நஸீஹா அதைப் படித்தாள். ஸ்கேன் செய்தாள். "போயிடுச்சு அங்கிள். அஞ்சு மணிக்கு முன்னாடியே போயிடுச்சு. இனிமே அவர் பேர்ல ஒண்ணும் இருக்காது."

"சரிம்மா."

அடுத்த எண்ணைக் கூப்பிடுவதற்குள், நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டு அவர் எழுந்துகொண்டார்.